கிணத்தடி எந்தப் பக்கம்?

ஓவியம் சொல்லிக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது இளைஞர் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றால், நான் கேட்கும் முதல் கேள்வி, "கரி சுடத் தெரியுமா?"

பெரும்பாலும் தெரியாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். புளியமரத்தில் பென்சில் பருமனுக்கு நேரான மிலாறாகப் பார்த்து ஒடித்து, ஒரு வாரம் நிழலில் போட வேண்டும். தோலை உரித்து, சாண் நீளத்துக்கு வெட்டி, பால்பவுடர் டப்பாவுக்குள் நெருக்கமாக நிற்க வைத்து மூடி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. விறகடுப்பில் ஏற்றினால் முதலில் ஈரம் புகையாக வரும், பிறகு ஓட்டையில் சின்ன நாக்கு மாதிரி தீ எரியும். புகை நின்றதும் இறக்கி, ஓட்டையில் களிமண்ணை அப்பி, விடியும்வரை தொடக்கூடாது. நான் முதல் தடவை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. மூடியை நெம்பினேன், உள்ளே காற்றுப் பட்டதும் குப்பென்று கங்கு பிடித்தது. இருபது குச்சியும் சாம்பல், என் இடது புருவமும் கூடவே. கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோடு போடுவதும் புளியங்கரியால்தான். மரக்காணம் சாலை முழுக்கச் சவுக்குத் தோப்பு இருக்கிறதே என்று அதிலும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். கெட்டியாகி, தாளைக் கீறும். முருங்கை தொட்டால் பொடிந்துவிடும். புளிதான் கைக்கு அடங்கும், துணியால் தட்டினால் போய்விடும். பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும், போட்ட கோடு போய்விடும் என்கிற தைரியம்.

கரியில் ஆரம்பிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "அகதி முகாம் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக் கொடுக்கிறவர்" என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்ப சோகமா வரைவாங்களா சார்?" என்கிறார். பதினேழு வருஷமாக அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. கரி சுடுவது எப்படி என்று கேட்டால் சொல்வேன்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த போர்டு ஆர்ட்டிஸ்ட். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது முடித்து 1991இல் அவரிடம் சேர்ந்தேன். மூன்று மாதம் பிரஷ்ஷைத் தொட விடவில்லை. தகரத்துக்கு உப்புத்தாள் போடுவது, பட்டி இழுப்பது, காய்ந்ததும் மறுபடி தேய்ப்பது, நீலப்பொடி தோய்த்த நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவர் மறுமுனையில் நின்று நடுவிரலால் நூலைச் சுண்டுவார். டப். பலகை முழுக்க ஒரு முடியளவு நீலக்கோடு விழும். "கோடு நீ போடாத தம்பி. நூல் போடட்டும். நீ புடிச்சுக்க" என்பார்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதும்போது விரல் அசையாது. சுண்டுவிரல் கையைத் தாங்கும் கம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். தோளில் இருந்துதான் கோடு வரும். அரிசி மண்டி, லாட்ஜ், ஜவுளிக்கடை என்று எந்தப் பலகையானாலும் 'ழ'வின் சுழியை ஒரே மூச்சில் முடிப்பார். ஆனால் நான் எழுதியதன்மேல் அவர் கை ஒருநாளும் பட்டதில்லை. தப்பாக இருந்தால், சுத்தமான பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் சரியான வளைவைப் போட்டுக் காட்டுவார். வெயிலில் அது அரை நிமிஷத்தில் காய்ந்து காணாமல் போகும். அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பியடிக்க முடியாது, கண்ணில் வாங்கிக்கொள்ளத்தான் முடியும். நான்கு வருஷம் தண்ணீரில்தான் படித்தேன்.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். மாஸ்டர் கடையை மூடினார். நான் ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் எழுதித் தேறி, டி.டி.சி. முடித்து, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் கைமாற்றாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராத உலகம் அது. சனிக்கிழமைகளில் சும்மா இருப்பானேன் என்றுதான் கீழ்புத்துப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கீழ்புத்துப்பட்டு விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரியை ஒட்டி இருக்கிறது. ஊரை மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலை வைத்துத்தான் பலருக்கும் தெரியும். ஆடித் திங்கட்கிழமைகளில் அந்தப் பக்கம் வண்டி நகராது. அந்த ஊரில்தான் இலங்கையில் இருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் முகாம், தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டியவர்கள், 1990இல் மறுபடி போர் மூண்டபோது வந்தவர்கள், பிறகு 2006இல் வந்தவர்கள் என்று ஒவ்வொரு அலையிலும் வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் உண்டு. நூற்றுச் சொச்சம் முகாம்களில் இன்றைக்கும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. எனக்குள் இருக்கும் போர்டு ஆர்ட்டிஸ்ட் உடனே எண்ணிப் பார்த்தான். 'அகதிகள்' ஐந்து எழுத்து, 'மறுவாழ்வு' ஐந்து எழுத்து. ஆனாலும் பழைய இடத்தில் புதுச் சொல் அடங்காது. 'வா'வுக்குக் கால், 'ழ்'வுக்குச் சுழி; அதிக இடம் கேட்கும்.

முதல் வகுப்பில் நான் செய்தது பெரிய தப்பு. 'என் நாடு' என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பது பிள்ளைகள். முப்பது படத்திலும் ஒரு படகு, ஒரு முள்வேலி, மேலே ஒரு புறா. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்கோ காலண்டரில் பார்த்து வரைந்ததை மற்றவர்கள் வரிசையாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது இலங்கையில் இருந்து வந்த படகே இல்லை. பக்கத்துக் குப்பத்தில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு. ஒரு பொடியன் இந்தியப் பதிவெண்ணைக்கூட எழுத்துப் பிசகாமல் பக்கவாட்டில் எழுதியிருந்தான். பாவம், அந்தப் பிள்ளைகள் எல்லாம் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் கண்ணால் பார்த்த படகு அது ஒன்றுதான். பார்க்காததை வரையச் சொன்னது என் குற்றம்.

அந்த முப்பது பேர் போக, அன்றைக்கு ஒருவன் மட்டும் எதுவும் வரையவில்லை. 2006இல் பெட்டியும் பையுமாக வந்து இறங்கிய குடும்பத்துப் பையன், பன்னிரண்டு வயது. கடலை நிஜமாகத் தாண்டியவன் அவன் ஒருவன்தான். அடுத்த வாரம் தலைப்பை விட்டுவிட்டு, "வீட்ல இருக்கிற, இல்ல இருந்த, ஒரு சாமானை வரைங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன். அவன் ஒரு சைக்கிள் வரைந்தான். முழு சைக்கிள்கூட இல்லை. பின்சக்கரம், செயின், ஃப்ரீவீல். செயினில் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் போட்டிருந்தான். ஃப்ரீவீல் பல் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. "எத்தனை பல்லுடா?" என்றேன். "பதினெட்டு சேர். கழட்டிப் பூட்டியிருக்கிறன்" என்றான். எண்ணினேன். பதினெட்டு.

அன்றைக்கு உறைத்தது, சாமானில் இருந்து தொடங்க வேண்டும். பானை, பெட்டி, விளக்கு, பூட்டு. குடும்பக் கதையைக் கேட்காதீர்கள், பூட்டைக் கேளுங்கள். பூட்டை வரையும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று பிள்ளையே சொல்லும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பூட்டு நன்றாக வந்தால் போதும்.

வண்ணத்துக்கு வழி பிள்ளைகளின் அப்பாக்களிடம் கிடைத்தது. முகாமில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைதான். விடிந்தால் டிபன் கேரியரும் ரோலருமாகப் புதுச்சேரிப் பக்கம் கிளம்புவார்கள். வீட்டில் மிச்ச எமல்ஷன், காய்ந்த பிரஷ், அரை பாட்டில் ஸ்டெய்னர் எப்போதும் கிடக்கும். நான் கொண்டுபோன போஸ்டர் கலர் சின்னப் புட்டி மூன்றே வாரத்தில் தீர்ந்தது. ஒரு பெண், "அப்பாகிட்ட நிறைய கலர் இருக்கு சார்" என்று நாலு ஸ்டெய்னர் பாட்டிலைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்தாள். காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் பழைய கடை வாசனை.

அதைத் தாளில் நேராகப் போட்டால் ஊறிச் சுருங்கும். இரண்டு வருஷம் தாளைக் கெடுத்த பிறகுதான் வழி பிடிபட்டது. அட்டைப்பெட்டி அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் வெள்ளை எமல்ஷனை நீர்க்க அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அப்பளம் மாதிரி வளையும். காய்ந்ததும் பட்டியைத் தகட்டால் மெல்லிசாக ஒரு இழு, பழைய உப்புத்தாளால் லேசாக ஒரு தேய். அதன்மேல் எமல்ஷனில் ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து வரையலாம். வெறும் ஸ்டெய்னரைத் தடவினால் சரியாகக் காயாது, சட்டையெல்லாம் ஒட்டும். பட்டி இழுப்பதை நான் சொல்லித் தரவில்லை. ஒரு அப்பா வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். தகட்டை அவர் சாய்த்த கோணத்தைப் பார்த்ததும் எனக்கு நேருஜி சாலை ஞாபகம் வந்தது.

2024 டிசம்பர் முதல் தேதி காலையில் அந்த அட்டைகளின் அருமை தெரிந்தது. ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. என் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் பதினைந்து வருஷத்துப் படங்கள் இருந்தன. போஸ்டர் கலர் படங்கள் எல்லாம் கலங்கி ஒரே சாயத் தண்ணீர். கரிப் படங்கள் கூழ். அப்பாக்களின் சுவர்ப் பெயிண்டில் வரைந்த அட்டைகள் ஓரம் உப்பியிருந்தன, படம் மட்டும் அப்படியே இருந்தது. வெளிச்சுவர் எமல்ஷன் மழைக்குப் பயப்படுமா? மொட்டைமாடியில் வடாம் மாதிரி காயவைத்து எடுத்தேன். சைக்கிள் செயின் கரியில் போட்டது. போய்விட்டது.

வீட்டுப் படத்துக்கு வருகிறேன். வீட்டை முன்னால் இருந்து வரையச் சொன்னால் முக்கோணக் கூரை, இரண்டு சன்னல், பின்னால் மலை, நடுவில் சூரியன். எந்த ஊர்ப் பிள்ளையும் அதைத்தான் போடும். மேலிருந்து பார்க்கிற மாதிரி, கொத்தனார் சுண்ணாம்புத் தூளால் மனை போடுவாரே, அப்படிப் போடச் சொல்லுங்கள். முதலில் தாளே வேண்டாம். சாக்பீஸைக் கொடுத்து, அவர்கள் இருக்கும் அறையை நிஜ அளவிலேயே தரையில் போடச் சொல்வேன். பத்துக்குப் பத்து. கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, அண்ணன் எங்கே படுப்பான் என்று பிள்ளைகளே அதில் படுத்துக் காட்டுவார்கள். அதன் பிறகு, "உங்க பாட்டி அங்க இருந்த வீட்டைக் கேட்டுட்டு வா" என்று அனுப்புவேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு அவர்கள் விட்டு வந்த வீடுகளின் மனைப்படத்தை ஞாபகத்தில் இருந்து வரைய வைத்து, 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று 2011இல் புத்தகமாகவே கொண்டுவந்திருக்கிறார். ஒரு நண்பர் காட்டினார். நம் சாக்பீஸுக்கு இப்படி ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது படித்து அல்ல, கூரை வரைந்து வரைந்து அலுத்துப் போய்.

பிள்ளைகள் போட்ட அந்தப் படங்களில்தான் என் இரண்டாவது தப்பு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மனைப்படத்தில் 'குசினி' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பென்சிலால் அடித்து 'சமையலறை' என்று எழுதினேன். 'படலை' என்று இருந்ததை 'பாடலை' என்று எழுத வந்தாளாக்கும் என்று நினைத்து அதையும் சுழித்தேன். மறுவாரம் அவள் அம்மம்மாவே கிளம்பி வந்துவிட்டார். வன்னிப் பக்கத்து அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "தம்பி, பிள்ளை எழுதினது சரிதானே, ஏன் வெட்டினனீங்கள்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். குசினி என்றால் வீட்டை விட்டுத் தள்ளித் தனியாகப் போட்ட சமையல் கொட்டில். படலை என்றால் வேலியில் இருக்கும் வாசல். நாம் கீற்று என்பது அவர்களுக்குக் கிடுகு. அத்தனையும் உட்கார்ந்து சொன்னார். மாஸ்டர் என் எழுத்தின்மேல் கை வைத்ததே இல்லை. நான் சிவப்புப் பென்சிலோடு பாய்ந்திருக்கிறேன். அன்றோடு சிவப்புப் பென்சிலைக் கணக்கு வாத்தியாருக்கே கொடுத்துவிட்டேன். திருத்த வேண்டுமானால் தண்ணீர்தான். ஒரு குவளை, ஒரு பிரஷ், சிமென்ட் தரை.

அதே பெண் குளக்கட்டில் ஒரு ஐயனாரையும் பெரிய குதிரையையும் போட்டிருந்தாள். இது புத்துப்பட்டுக் குதிரை ஆச்சே, அங்கே எப்படிப் போயிற்று என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு அம்மம்மாவைப் பார்த்தேன். "எங்கட குளக்கட்டிலயும் ஐயனார் இருக்கிறார். குதிரை இல்லை, மரத்தடியில கல்லுத்தான்" என்றவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "நிக்கட்டும். வடிவாத்தான் இருக்கு" என்றார்.

இந்த வழி முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் பள்ளிக்கூடத்தில் செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. தை பிறந்தால் பெயர்ப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட் விழும், மழைக்கு முன்னால் திரும்புவார்கள். வீட்டு மனை போடு என்றால் அவர்களில் ஒரு பையனுக்குக் கை ஓடவில்லை. எந்த வீடு? ஊரிலா, சூளையிலா? கல்லறுக்கிற அச்சை வரையச் சொன்னேன். மரத்தின் நரம்பு, மூலையில் அடித்த தகரம், உள்ளே ஒட்டிய மண் எல்லாம் வந்தது. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் செல்போன் வரைவார்கள். அதில் எனக்கு அவ்வளவாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. நாலு கோட்டில் ஒரு செவ்வகம், அதற்குள் ஒரு முகம். இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு போட்டிக்கு முகாம் பெண்ணின் படம் ஒன்றை அனுப்பினேன். உதவித்தொகைக்கு ஆஜர் எடுக்கும் நாளில் வரிசையில் நிற்பவர்களைப் பின்னாலிருந்து வரைந்திருந்தாள். முகமே கிடையாது, முதுகும் குதிகாலும் செருப்பும்தான். ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல்: 1500, 1000, 500, 500, மொத்தம் 3500. குடும்பத்தலைவர், அம்மா, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இரண்டு பேர். நடுவர் ஒருவர், "உணர்ச்சி பத்தல, முகத்தைக் காட்டியிருக்கலாம். அந்தக் கணக்கை அழிச்சிருக்கலாம்" என்றார். பரிசு ஒரு புறாவுக்குப் போயிற்று. அந்தக் குதிகால்களில் ஒவ்வொரு வெடிப்பையும் அவள் கரியை ஊசியாகத் தீட்டிப் போட்டிருந்தாள். அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது, வெடிப்பை அல்ல, கரியைத் தீட்டுவதை. உப்புத்தாளில் சாய்த்து வைத்து, குச்சியைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை. ஆறாம் வகுப்புப் பையன், அதே வன்னி அம்மாவின் பேரன், மனைப்படம் பண்ணிக்கொண்டிருந்தான். கிணற்றைப் படலைக்குப் பக்கத்தில் போட்டிருந்தான். வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா எட்டிப் பார்த்தார். "கிணத்தடி அந்தப் பக்கம் இல்லையடா" என்றார். அவன் பென்சிலை நீட்டினான். வாங்கவில்லை. பிரஷ் கழுவுகிற குவளையில் விரலைத் தோய்த்து, சிமென்ட் தரையில் ஒரு வட்டம் போட்டார். குசினிக்குப் பின்னால், தெற்கே, வேலியை ஒட்டி. அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயில் ஏறின நேரம்; வட்டம் ஓரத்தில் இருந்து காயத் தொடங்கியது. பையன் தரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து அவசரமாகக் கோடு இழுத்தான்.

தாளில் இடம் இல்லை. வேலி தாளின் விளிம்பிலேயே முடிந்துவிட்டது. கிணற்றுக்கு அப்பால் வாழை, அதற்கு அப்பால் தங்கச்சி வீட்டுக்குப் போகிற ஒழுங்கை என்று அம்மம்மா விரலால் தெற்கே போய்க்கொண்டே இருந்தார்.

ஒட்டுவதற்கு நான் வைத்திருப்பது மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. இணைக்கும் விளிம்பைக் கத்தரியால் வெட்டக்கூடாது. அளவுகோலை வைத்துக் கையால் கிழித்தால் நார் நாராக வரும், ஒட்டிய இடம் தெரியாது. கிழித்துக் காட்டினேன். அவன் ஒட்டினான். இப்போது அந்தப் படம் ஐந்து தாள் நீளத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. கோழிக்கூடு இன்னும் வரவில்லை என்கிறார் அம்மம்மா.